க்ரீம் பூசும்போது கேக் நகராமல் இருக்க

என் அப்பா கொத்தனார். தூத்துக்குடியில் 40 வருஷம் சுவர் எழுப்பியவர். நான் வீட்டிலிருந்தபடி கேக் செய்து கொடுக்கத் தொடங்கி 9 வருஷம் ஆகிறது. க்ரீம் பூசும்போது கேக்கை அசையாமல் நிறுத்துவது பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, அப்பா சொல்லித் தந்தது.

தொடங்கிய இரண்டாம் வருஷம், ஏப்ரல் மாதம். பக்கத்துத் தெருவில் ஒரு பிள்ளைக்குப் புதுநன்மை, கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். ஒன்றரை கிலோ வெனிலா கேக் கேட்டிருந்தார்கள். வெள்ளை க்ரீம், மேலே அப்பமும் இரசக்கிண்ணமும் வரைய வேண்டும். சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்குக் கடைசிப் பூச்சு. ஃப்ரிட்ஜிலிருந்து கேக்கை எடுத்து டர்ன்டேபிளில், அதாவது கேக்கை வைத்துச் சுற்றும் தட்டில், வைத்தேன். க்ரீமைச் சமமாக வழிக்கும் பட்டையான ஸ்கிரேப்பரைப் பக்கவாட்டில் பிடித்துச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில், அடியில் வைத்திருந்த அட்டைப் போர்டோடு சேர்ந்து கேக் வழுக்கிப்போய் அடுக்களைச் சுவரில் மோதி நின்றது. ஒரு பக்கம் அப்படியே அமுங்கிவிட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பா கேக்கைப் பார்க்கவே இல்லை. டர்ன்டேபிள் தட்டை விரலால் தடவினார். விரலில் ஈரம். "எம்மா, மேல பாக்காத. கீழ தண்ணி நிக்கி பாரு" என்றார்.

ஃப்ரிட்ஜிலிருந்து வந்த குளிர்ந்த போர்டின் அடியில் காற்றிலிருக்கும் ஈரம் முத்து முத்தாகப் படிந்திருந்தது. எங்கள் ஊர் கடற்காற்றுக்கு இது ஐந்து நிமிஷ வேலை. வழவழப்பான தட்டு, வழவழப்பான போர்டு, நடுவில் தண்ணீர். அதன் மேல் ஒன்றரை கிலோவை வைத்துச் சுற்றினால் வேறென்ன ஆகும்?

அன்று ராத்திரி 2 மணி வரை உட்கார்ந்து அமுங்கிய பக்கத்தைச் சரிசெய்தேன். அதற்குப் பிறகு கேக் நகர்ந்தால் என் கையை நான் சந்தேகப்படுவதில்லை. புதிதாகப் பழகுகிறவர்கள் பலர் "எனக்குக் கை நடுங்குகிறது, பழக்கம் போதவில்லை" என்றுதான் சொல்வார்கள். நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் கேக்குக்கு அடியில் இருக்கும்.

வழுக்கக்கூடிய இடங்கள் நாலு. மேடைக்கும் டர்ன்டேபிளுக்கும் நடுவில் ஒன்று. டர்ன்டேபிளுக்கும் போர்டுக்கும் நடுவில் ஒன்று. போர்டுக்கும் முதல் ஸ்பாஞ்சுக்கும் (க்ரீம் பூசாத வெறும் கேக் அடுக்கு) நடுவில் ஒன்று. ஸ்பாஞ்சுக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவில் ஒன்று. கீழிருந்து ஒவ்வொன்றாக இறுக்கிக்கொண்டே மேலே வர வேண்டும்.

மேடையும் டர்ன்டேபிளும்

முதலில் மேடை மட்டமாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுக்களை மேடை பெரும்பாலும் மட்டமாக இருக்காது. தண்ணீர் சிங்க் பக்கம் ஓட வேண்டும் என்று கொத்தனாரே லேசாக வாட்டம் கொடுத்துத்தான் கல்லைப் பதிப்பார். சமையலுக்கு அந்த வாட்டம் நல்லது. கேக்குக்கு ஆகாது. சுற்றச் சுற்ற எடை ஒரே பக்கம் இழுக்கும், நெகிழ்ந்த க்ரீமும் அந்தப் பக்கமே இறங்கும்.

அப்பா தன் பழைய ரசமட்டத்தை எனக்கே கொடுத்துவிட்டார். குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் வேலை தொடங்குவேன். ரசமட்டம் இல்லாதவர்கள் செல்போனில் அதற்கான ஆப் போட்டுக்கொள்ளலாம். அதுவும் வேண்டாமென்றால் ஒரு தட்டையான தட்டை வைத்து அதில் ஒரு கோலிக்குண்டை விடுங்கள். எந்தப் பக்கம் உருள்கிறதோ அந்தப் பக்கம் தாழ்வு. தட்டைத் திருப்பி வைத்து இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள், தட்டே கோணலாக இருக்கலாம். நான் மேடையை விட்டுவிட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டேன். அதன் ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை இருக்கிறது.

அடுத்தது டர்ன்டேபிள். நான் முதலில் வாங்கியது 250 ரூபாய் பிளாஸ்டிக். மூன்று வருஷம் அதில்தான் ஓட்டினேன், அதனால் அதைக் குறை சொல்ல மாட்டேன். அரை கிலோ, ஒரு கிலோ கேக்குக்கு அது போதும். ஆனால் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். தட்டின் ஓரத்தை ஒரு விரலால் அழுத்துங்கள். எதிர்ப்பக்கம் தூக்கிக்கொண்டு வந்தால் அது கனமான கேக்கைத் தாங்காது. ஓரத்தில் கை வைத்து க்ரீமை இழுக்கும்போதெல்லாம் கேக்கும் தலையாட்டும். இப்போது என்னிடம் இருப்பது அலுமினியத் தட்டும் கனமான இரும்பு அடியும் கொண்டது. அடிப்பாகம் எவ்வளவு கனமோ அவ்வளவு நல்லது. மேல் தட்டு லேசாக இருந்தாலும் குற்றமில்லை.

டர்ன்டேபிளே இல்லையென்றால் மைக்ரோவேவில் இருக்கும் கண்ணாடித் தட்டையும் அதன் உருளை வளையத்தையும் வெளியே எடுத்து மேஜையில் வைத்துச் சுற்றலாம். நன்றாகவே சுற்றும். கேக் சரியாக நடுவில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தட்டு வளையத்தை விட்டு இறங்கிவிடும். அரை கிலோவுக்கு மேல் அதில் வைக்காதீர்கள்.

இனி டர்ன்டேபிள் மேஜையில் வழுக்காமல் இருக்க வேண்டும். பானை உருளாமல் இருக்க அந்தக் காலத்தில் பிரிமணை வைப்பார்கள் இல்லையா, அதே யோசனைதான். ஒரு பருத்தித் துணியை நனைத்து, சொட்டுத் தண்ணீர் வராத அளவுக்கு முறுக்கிப் பிழிந்து, விரித்து, அதன் மேல் டர்ன்டேபிளை வையுங்கள். தண்ணீர் அதிகமாக இருந்தால் துணியே வழுக்கும். மடிப்புகளோடு வைத்தாலும் ஆட்டம் வரும், ஒற்றையாகச் சமமாக விரியுங்கள்.

துணியைவிட நல்லது, அலமாரித் தட்டில் விரிக்கும் ஓட்டை ஓட்டையான ரப்பர் மேட். பாத்திரக் கடையில் சுருளாகக் கிடைக்கும். அதில் இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்று டர்ன்டேபிளுக்கு அடியில். இன்னொன்று டர்ன்டேபிள் தட்டுக்கும் கேக் போர்டுக்கும் நடுவில், போர்டைவிடச் சின்னதாக, வெளியே தெரியாத அளவில். இந்த இரண்டாவது துண்டு அன்றைக்கு இருந்திருந்தால் என் புதுநன்மை கேக் சுவரில் மோதியிருக்காது. மேட்டில் எண்ணெய்ப் பசையோ க்ரீமோ பட்டால் பிடிப்புப் போய்விடும். ஒவ்வொரு கேக்குக்குப் பிறகும் சோப்பு போட்டுக் கழுவிக் காயவையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து கேக்கை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் போர்டின் அடியை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு மேட்டில் வையுங்கள். மேட் இருக்கிறதே என்று இதை விட்டுவிடக் கூடாது.

கேக்கை நடுவில் வைப்பது இன்னொரு வேலை. குயவர் சக்கரத்தில் மண்ணை நடுவில் அடிக்காவிட்டால் பானை எழும்பாது. இங்கேயும் அரை அங்குலம் தள்ளியிருந்தால் ஒரு பக்கம் க்ரீம் கனமாகவும் எதிர்ப்பக்கம் ஸ்பாஞ்ச் தெரியும்படியும் வரும். என் டர்ன்டேபிளில் அப்பா நூலும் பென்சிலும் வைத்து வட்டம் வட்டமாகப் போட்டுக் கொடுத்தார். அதன் மேல் மார்க்கர் பேனாவால் நான் அழுத்தி வரைந்துகொண்டேன். வட்டம் இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். கத்தியின் நுனியைக் கேக்குக்கு ஒரு விரல் தள்ளி ஆடாமல் பிடித்து டர்ன்டேபிளை மெதுவாகச் சுற்றுங்கள். கத்திக்கும் கேக்குக்கும் உள்ள இடைவெளி எங்கே குறைகிறதோ, அங்கே நிறுத்தி, போர்டை எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளுங்கள். இரண்டு மூன்று சுற்றில் சரியாகிவிடும்.

போர்டு

போர்டில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். மெல்லிய அட்டை, தூக்கும்போது நடுவில் வளையும். அது வளைந்த நொடியில் மேலே க்ரீமில் விரிசல் விழும், ஸ்பாஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று நகரும். டர்ன்டேபிளில் அழகாக நின்ற கேக் பெட்டிக்குள் போகும்போது சாய்வது இப்படித்தான். அரை கிலோவுக்குக் கெட்டியான அட்டை போதும். ஒரு கிலோவுக்கு மேல் என்றால் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். போர்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும் இரண்டு தட்டுக் கேக்குக்கு 12 மில்லிமீட்டர் கனமுள்ளது. அளவு, கேக்கைவிடக் குறைந்தது 2 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். நான் ஒரு கிலோவுக்கு 7 அங்குல டின்னும் 10 அங்குல போர்டும் வைக்கிறேன். சுற்றிலும் ஒன்றரை அங்குலம் கிடைக்கும். கையால் பிடிக்கவும் ஓரத்தில் பைப்பிங் (க்ரீமைப் பிழிந்து போடும் அலங்காரம்) போடவும் அந்த இடம் வேண்டும்.

தங்க நிறத் தாள் ஒட்டிய போர்டு கண்ணாடி மாதிரி வழுக்கும். அதன் மேல் ஸ்பாஞ்சைச் சும்மா வைத்துவிட்டு க்ரீம் பூசத் தொடங்கினால் பேலட் நைஃப் (க்ரீம் பூசும் தட்டைக் கத்தி) தள்ளும் பக்கமெல்லாம் கேக் போகும். அடியில் எதையாவது வைத்து ஒட்ட வேண்டும். பெரும்பாலும் கேக்குக்குப் பூசும் க்ரீமிலேயே ஒரு கரண்டி வைத்து ஒட்டச் சொல்வார்கள். பட்டர்க்ரீம் என்றால் அது சரி. ஃப்ரிட்ஜில் வெண்ணெய் இறுகும்போது கேக்கைப் பிடித்துக்கொள்ளும். விப்பிங் க்ரீம் அப்படி இறுகாது. வெளியே கொஞ்ச நேரம் இருந்தால் அதுவே வழுக்கும். அதனால் நான் சாக்லேட் வைத்து ஒட்டுகிறேன். காம்பவுண்ட் சாக்லேட்டில் (கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்தது) ஒரு மேஜைக்கரண்டி அளவு உருக்கி, போர்டின் நடுவில் 3 அங்குல வட்டமாகத் தடவி, உடனே ஸ்பாஞ்சை வைத்து, விரித்த உள்ளங்கையால் மேலிருந்து அழுத்தி, ஃப்ரிட்ஜில் 10 நிமிஷம். அதற்கப்புறம் போர்டைச் சாய்த்தால்கூடக் கேக் நகராது. வெனிலா கேக்குக்கு வெள்ளைச் சாக்லேட் வையுங்கள், வெட்டும்போது அடியில் கறுப்பாகத் தெரியாது. சாக்லேட் உருகி மிதமான சூட்டுக்கு வந்த பிறகு தடவினால் போதும், கொதிக்கக் கொதிக்க வேண்டாம்.

ஸ்பாஞ்ச் அடுக்குவது

அப்பா செங்கல்லை அடுக்கும் முன் தண்ணீரில் நனைப்பார். காய்ந்த கல் சாந்திலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிட்டால் பிடிக்காது என்பார். நாமும் ஸ்பாஞ்சில் சர்க்கரைத் தண்ணீர் தடவுகிறோம். ஆனால் இங்கே அளவு தப்பினால் ஆபத்து. செங்கல் ஊறினாலும் கல்தான், ஸ்பாஞ்ச் ஊறினால் கஞ்சி. 7 அங்குல ஸ்பாஞ்ச் ஒன்றுக்கு மூன்று நான்கு மேஜைக்கரண்டி போதும், அதையும் பிரஷ்ஷால் பரவலாகத் தடவுங்கள். அடியில் இருக்கும் ஸ்பாஞ்சுக்கு இன்னும் கொஞ்சம் குறைவாக. மேலே இருக்கும் எடை முழுவதும் அதன் தலையில்தான் இறங்குகிறது.

சூடான ஸ்பாஞ்சில் ஒருபோதும் க்ரீம் வைக்காதீர்கள். நான் முதல் நாளே ஸ்பாஞ்ச் செய்து, ஆறவிட்டு, கிளிங் ராப் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். குளிர்ந்த ஸ்பாஞ்ச் இறுகி இருக்கும். வெட்டினால் உதிராது, தூக்கினால் உடையாது.

மேலே உப்பிய பகுதியை ரொட்டி வெட்டும் பல்கத்தியால் சமமாக எடுத்துவிடுங்கள். அந்த உப்பலை வீணாக்க மனசு வராமல் அப்படியே வைத்து, பள்ளத்தைக் க்ரீமால் நிரப்புகிறவர்கள் உண்டு. க்ரீம் அமுங்கும், ஸ்பாஞ்ச் நடுவில் மேடு தட்டி ஓரம் தொங்கும், ஒரு மணி நேரத்தில் பக்கமெல்லாம் வெடிப்பு. எடுத்த துண்டுகளை வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலே வரும் ஸ்பாஞ்சை மட்டும் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். டின்னின் அடியில் வெந்த பக்கம் தட்டையாகவும் உதிராமலும் இருக்கும். பூச்சுக்கு அதுதான் சௌகரியம்.

நடுவில் வைக்கும் க்ரீம் அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பழமோ, க்ரஷ் எனும் இனிப்புப் பழக்கூழோ வைப்பதாக இருந்தால் முதலில் ஓரத்தைச் சுற்றிக் கெட்டியான க்ரீமால் ஒரு வரப்புக் கட்டுங்கள். பைப்பிங் பேக்கின் நுனியை விரல் கனத்துக்கு வெட்டி, ஸ்பாஞ்சின் விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி ஒரு சுற்று. வயலில் வரப்பு தண்ணீரை நிறுத்துகிற மாதிரி இது உள்ளே இருப்பதை வெளியே வரவிடாது. அன்னாசிப் பழத்தைப் பச்சையாகப் போடாதீர்கள். அதிலிருக்கும் ஒரு நொதி புரதத்தைக் கரைக்கும், பாலில் செய்த க்ரீம் என்றால் கசப்பும் வரும், சாறும் விட்டுக்கொண்டே இருக்கும். சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்துப் போட்டால் அந்தக் கவலை இல்லை.

அடுக்கி முடித்ததும் நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்பா சுவருக்குத் தூக்குக்குண்டு விடுவார். எனக்குப் பள்ளிக்கூட ஜியாமெட்ரி பெட்டியில் வரும் மூலைமட்டம் போதும். கழுவித் துடைத்து, போர்டில் நிற்கவைத்து, கேக்கின் பக்கத்தில் ஒட்டிப் பிடிப்பேன். நாலு பக்கமும் பார்ப்பேன். சாய்வு இருந்தால் இப்போதே இரண்டு உள்ளங்கையாலும் பக்கத்திலிருந்து மெல்லத் தள்ளிச் சரிசெய்யலாம். க்ரீம் பூசின பிறகு முடியாது. பூச்சில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டால் ஒரு பக்கம் ஒரு அங்குலம் க்ரீம் நிற்கும், அந்தக் கனமே கேக்கை இழுக்கும்.

கேக் 5 அங்குல உயரத்தைத் தாண்டினால் வேலை முடியும்வரை மேலிருந்து கீழ்வரை இரண்டு மூங்கில் குச்சிகளைக் குத்தி வையுங்கள். அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காது. எத்தனை குச்சி குத்தினோம் என்பதைப் பக்கத்தில் ஒரு தாளில் எழுதி வையுங்கள். எடுக்கும்போது எண்ணி எடுங்கள். குழந்தைகள் சாப்பிடும் பண்டம்.

பூச்சு

முதல் பூச்சு மெல்லியதாக, ஸ்பாஞ்ச் தெரிந்தாலும் பரவாயில்லை என்ற அளவில். உதிரும் தூள்களையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். அடுக்குகளையும் சுற்றிக் கட்டிப்போட்ட மாதிரி இறுக்கிவிடும். அதற்குப் பின் ஃப்ரிட்ஜில் 30 நிமிஷம். அவசரத்தில் நிறையப் பேர் இந்த அரைமணி நேரத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள். இந்த ஒன்றை மட்டுமாவது விடாதீர்கள். குளிர்ந்து இறுகிய கேக்கின் மேல் இரண்டாம் பூச்சு போடும்போது கை எவ்வளவு அழுத்தினாலும் அது நிற்கும்.

இரண்டாம் பூச்சில் க்ரீமை மேலே நிறைய வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி, அங்கிருந்து பக்கவாட்டில் இறக்குங்கள். பேலட் நைஃபின் அடி க்ரீமில் மட்டும் பட வேண்டும். ஸ்பாஞ்சில் பட்டால் இழுக்கும், இழுத்தால் கேக் நகரும். க்ரீம் கெட்டியாகி ஒட்டினாலும் இழுக்கும். அப்போது கத்தியை வெந்நீரில் முக்கி, நன்றாகத் துடைத்துவிட்டுப் பூசுங்கள்.

பக்கத்தை வழிக்கும்போது ஸ்கிரேப்பர் பிடித்த கை அசையவே கூடாது. முழங்கையை விலாவோடு ஒட்டிவையுங்கள். ஸ்கிரேப்பரின் அடி போர்டில் உட்கார்ந்திருக்கட்டும், அதுதான் அதற்கு ஊன்று. விளிம்பு செங்குத்தாகவே நிற்க, ஸ்கிரேப்பரின் முகத்தை மட்டும் ஒரு பக்கமாகத் திருப்பி, கேக்கின் பக்கத்தோடு சுமார் 45 டிகிரியில் பிடியுங்கள். இடது கையை டர்ன்டேபிளின் அந்தக் கோடிவரை கொண்டுபோய் வைத்துக்கொண்டு ஒரே இழுப்பில் முழுச் சுற்றும் வரும்படி திருப்புங்கள். நடுவில் நிறுத்தி நிறுத்தித் திருப்பினால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு கோடு விழும், கேக்குக்கும் ஒரு உலுக்கல். வேகம் வேண்டாம். கைப்பழக்கம் வேண்டுமென்றால் கவிழ்த்த டின்னின் மேல் க்ரீம் பூசி வழித்துப் பழகுங்கள். நான் ஒரு மாதம் அப்படித்தான் பழகினேன். அதே க்ரீமைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பூசலாம்.

ஸ்கிரேப்பர் விளிம்பில் சேரும் க்ரீமை ஒவ்வொரு சுற்றுக்கும் துடைத்துவிடுங்கள்.

வெயில்

எங்கள் ஊரில் மே மாத மத்தியானம் 35 டிகிரியைத் தாண்டும். வெண்ணெய் அந்தச் சூட்டுக்கு முன்பே இளகிவிடும். அடியெல்லாம் எவ்வளவு இறுக்கி வைத்தாலும் க்ரீமே இளகினால் அடுக்குகள் வழுக்கத்தான் செய்யும். அதனால் கோடையில் நான் பூச்சு வேலையை விடியற்காலை 4 மணிக்குத் தொடங்குவேன். ஏசி இருந்தால் வேலை தொடங்கும் அரைமணி முன்பே 20 டிகிரியில் போட்டு வையுங்கள். மின்விசிறிக் காற்றை நேராகக் கேக்கின் மேல் விடாதீர்கள், சூடான காற்றைத்தான் அது தள்ளும்.

தாவரக் கொழுப்பில் செய்து ஃப்ரீசரில் கட்டியாக வரும் விப்பிங் க்ரீமை முதல் நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அடிக்கும் பாத்திரத்தையும் பிளேடையும் குளிரவைத்து, நுனி வளையாமல் நிற்கும்வரை அடியுங்கள். அதைத் தாண்டி அடித்தால் ரவை மாதிரி திரிந்துவிடும், அது பூச வராது. பாதி க்ரீமை எடுத்துப் பூசும்போது மீதி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

வெயிலுக்கு எனக்கு மிகவும் பிடித்தது கனாஷ், அதாவது சாக்லேட்டை உருக்கி க்ரீமோடு கலந்தது. டார்க் சாக்லேட் 2 பங்குக்கு க்ரீம் 1 பங்கு. வெள்ளைச் சாக்லேட் என்றால் 3 பங்குக்கு 1. ராத்திரி முழுவதும் வைத்திருந்து மறுநாள் பூசினால் சுவர் மாதிரி நிற்கும். உயரமான கேக், தூரம் போகிற கேக் இரண்டுக்கும் வாடிக்கையாளரிடம் கனாஷ்தான் சொல்வேன்.

அலங்கரிக்கும்போது

பூச்சு நன்றாக வந்த கேக் கடைசியில் அலங்காரத்தில் நகர்வதும் உண்டு. பக்கத்தில் சர்க்கரை முத்துகளையோ சாக்லேட் துருவலையோ அழுத்தும்போது ஒரே பக்கம் தள்ளுகிறோம். அப்போது எதிர்ப்பக்கத்தில் போர்டின் விளிம்பை இடது கையால் பிடித்துக்கொள்ளுங்கள். பூப் போடும்போதும் பெயர் எழுதும்போதும் டர்ன்டேபிள் தானாகச் சுற்றக் கூடாது. பூட்டு வைத்த டர்ன்டேபிள் இருந்தால் பூட்டுங்கள். இல்லாவிட்டால் கேக்கை அதிலிருந்து இறக்கி மேஜையில் ரப்பர் மேட்டின் மேல் வைத்து எழுதுங்கள். நான் பெயர் எழுதுவது எப்போதும் மேஜையில்தான். வலது மணிக்கட்டுக்கு அடியில் இடது கையைத் தாங்கலாகக் கொடுத்தால் எழுத்து கோணாது. தமிழில் எழுதச் சொன்னால் வளைவுகள் அதிகம், இந்தத் தாங்கல் இல்லாமல் என்னால் முடியாது.

கனமான பொம்மைகளை க்ரீமின் மேல் சும்மா உட்காரவைத்தால் மெல்ல மெல்ல அமுங்கும். அடியில் ஒரு தடித்த ஸ்ட்ராவைக் கேக்குக்குள் இறக்கி, மேல் மட்டத்தில் வெட்டி, அதன் மேல் சின்ன வட்ட அட்டை ஒன்றை வைத்துப் பொம்மையை நிறுத்துங்கள்.

இரண்டு தட்டுக் கேக்கும் இதே கணக்குத்தான். கல்யாண வரவேற்புக்குக் கேட்பார்கள், பார்க்கும்போது பயமாக இருக்கும். மேல் கேக்கின் எடையைக் கீழ்க் கேக் தாங்குவதாக நினைக்காதீர்கள். பந்தலின் கூரையைக் கால்கள் தாங்குகிற மாதிரி உள்ளே நிற்கும் ஸ்ட்ராக்கள்தான் தாங்குகின்றன. கீழே 8 அங்குலம், மேலே 6 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 அங்குல டின்னைக் கீழ்க் கேக்கின் நடுவில் லேசாக வைத்து எடுத்தால் வட்டத் தடம் விழும். அந்தத் தடத்துக்கு அரை அங்குலம் உள்ளே, சம இடைவெளியில் 5 தடித்த ஸ்ட்ராக்கள். முதலில் ஒன்றை அடிப் போர்டு தட்டும்வரை இறக்கி, க்ரீம் மட்டத்தில் பேனாவால் குறித்து, வெளியே எடுத்து, ஐந்தையும் அதே நீளத்துக்கு வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேக்கில் அளந்து வெட்டினால் கேக்கின் கோணல் ஸ்ட்ராவிலும் வந்துவிடும். கேக்கில் எங்கே உயரம் அதிகமோ அங்கே அளந்துகொள்ளுங்கள். தாழ்ந்த பக்கம் தெரியும் சின்ன இடைவெளியைப் பைப்பிங்கில் மூடிவிடலாம். மேல் கேக்குக்குத் தனியாக 6 அங்குல போர்டு கட்டாயம் வேண்டும், அது இல்லாவிட்டால் ஸ்ட்ராக்கள் ஸ்பாஞ்சைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். மேல் கேக்கை ஏற்றும் முன் வெறும் போர்டு ஒன்றை ஸ்ட்ராக்கள் மேல் வைத்து ரசமட்டத்தை வையுங்கள். குமிழி நடுவில் வந்த பிறகு ஏற்றுங்கள்.

வண்டியில் போகும் கேக்காக இருந்தால் இரண்டு தட்டையும் ஊடுருவும்படி நடுவில் ஒரு நீளமான மரக்குச்சியும் வேண்டும். மேல் போர்டின் நடுவில் முன்கூட்டியே துளை போட்டு வையுங்கள். குச்சியின் நுனியைப் பென்சில் துருவியில் சீவிக்கொண்டால் சுலபமாக இறங்கும். உள்ளே எத்தனை ஸ்ட்ரா, எத்தனை குச்சி இருக்கிறது என்று வாங்குகிறவர்களிடம் வாயால் சொல்லி, பெட்டி மேலும் எழுதிக் கொடுக்கிறேன். விப்பிங் க்ரீமில் இரண்டு தட்டுக் கேக் ஏப்ரல், மே மாதங்களில் நான் எடுப்பதில்லை. கேட்பவர்களிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொண்டு கனாஷுக்கு மாறிவிடுகிறார்கள்.

வேலை முடிந்ததும் உடனே பெட்டிக்குள் வைக்காதீர்கள். குறைந்தது ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இறுகட்டும். பெட்டி, போர்டின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும், உள்ளே போர்டு நகர இடம் இருந்தால் நாலு மூலையிலும் மடித்த அட்டையைச் செருகுங்கள். பெட்டிக்குள் அடியிலும் ஒரு ரப்பர் மேட் துண்டு. காரில் சீட்டின் மேலோ மடியிலோ வேண்டாம். சீட் பின்பக்கம் சரிந்திருக்கும், மடி ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஆடும். முன் சீட்டுக்குக் கீழே கால் வைக்கும் தரைதான் மட்டமான இடம். அங்கே இன்னொரு மேட்டை விரித்து அதன் மேல் பெட்டியை வைத்து, ஏசி காற்றைக் கால் பக்கம் திருப்பிவிட்டு, பிறகு வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.